பூமயில் வீட்டு எரிமலை

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மிளகாய்ப் பழம் களத்தில் காய்ந்துகொண்டிருந்த உச்சிவேளையில், மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்திலிருந்து எங்கள் பொட்டலேந்தலில் சாம்பல் விழுந்தது. மலை என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பஸ் ஏறி மூன்று மணி நேரம் மேற்கே போக வேண்டும். அதுவும் பச்சை மலை, குளிர்ந்த மலை, யாரையும் எதுவும் செய்யாத மலை. ஆனாலும் விழுந்தது. ஏன் விழுந்தது என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். எனக்குத் தெரியாது. என்ன நடந்தது என்பதுதான் தெரியும்.

மாவு சலிக்கிற மாதிரி சத்தமில்லாமல் விழுந்தது. சிவப்பு மிளகாய் வெளுத்தது, கறுப்பு எருமை வெளுத்தது, காக்காய்கள் கொக்காகி ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் கொத்திக்கொண்டன, ஒன்றரை மணி பஸ் வந்து நின்றபோது டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "யாருய்யா ஊருக்கே வெள்ளையடிக்கிறது?" என்று கேட்டான். இரண்டு மணிக்கு நின்றது. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும். இப்படிப் பதினோரு நாள். மூன்றாம் நாளே பெண்கள் பதினொன்றரைக்குள் கொடித்துணியை எடுத்து, குடத்தை மூடி, குழம்பை மூடி, களத்து மிளகாய் மேல் தார்ப்பாய் போட்டுவிட்டு உள்ளே போய் உட்காரப் பழகிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிப்பதை விட்டுவிட்டார்கள். சாம்பல் விழுந்தால் சோறு, நின்றால் கணக்குப் பாடம்.

பூசாரி வீரபெருமாள் முதல் நாளே அதைக் கையில் ஏந்தி, மோந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "திருநீறுப்பா" என்று சொல்லிவிட்டார்.

"கரிக்குதே பூசாரி" என்றேன்.

"சாமிக்கு வேர்க்காதா?" என்றார்.

முடிந்தது. திருநீறு என்றால் திருநீறு. சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. திருநீறு காலில் படக் கூடாது. தெருவில் கிடக்கிறது, கூரையில் கிடக்கிறது, மாட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது, எங்கே காலை வைப்பது? ஆளாளுக்கு வாசலைக் கூட்டி, மொட்டை மாடியைக் கூட்டி, மிளகாய் அளக்கிற கூடையில் அள்ளி வைத்துக்கொண்டு, கொட்ட இடம் தேடினார்கள். கண்மாயில் கரைக்கலாம் என்றால் பங்குனிக் கண்மாய் பாளம் பாளமாக வெடித்து, அதில் ஆடு மேய்ந்தது. கோயில் மரத்தடி இரண்டே நாளில் நிறைந்தது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரி சேதுராக்குதான் இடுப்பில் கூடையோடு தெருவில் நின்று சொன்னாள்: "கால்படாத இடம்தான வேணும்? கெழக்க ஒரு வாசல் இருக்கே."

எல்லாருக்கும் விளங்கியது. பூமயில் வீடு.

பூமயில் என் கூடப்பிறந்த தங்கை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் நடந்த ஒரு தகராறில் ஒரு வைக்கோல் படப்பு எரிந்தது, படப்போடு தொழுவமும், தொழுவத்தில் கட்டிக் கிடந்த இரண்டு மாடுகளும் எரிந்தன. போலீஸ் வீடு வீடாகக் கேட்டது. நோட்டோடு வருகிறவனுக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான்: பாக்கல. கொசு மருந்துக்காரன் வந்தாலும், ஆள் கணக்கெடுக்கிறவன் வந்தாலும், எங்களுக்கே ஏதாவது நல்லது செய்ய ஒருவன் வந்தாலும், வாயில் முதலில் வருவது அதுதான். நூற்று முப்பது வீட்டில் நூற்று இருபத்தொன்பது வீடும் பாக்கல என்றது. பூமயில் மட்டும் பார்த்தேன் என்றாள். தீ வைத்தவன் என் மகன். மூன்று வருஷம் உள்ளே இருந்தான்.

அதிலிருந்து அவள் வாசலுக்கு யாரும் போவதில்லை. ஊர் கூடித் தீர்மானம் எதுவும் போடவில்லை, போட்டால் அது வேறு கேஸ் ஆகிவிடும். போகவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்குச் சொல்லவில்லை, சாவுக்குச் சொல்லவில்லை. என் மகன் வெளியே வந்து திருப்பூரில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு அத்தைக்குச் சேலை அனுப்புகிறான் என்று கேள்வி. அவன் அனுப்பட்டும். நான் போகவில்லை.

ஆக, ஊரிலேயே மனுஷக் கால் படாத இடம் அதுதான். அதில் பொய்யே இல்லை.

காலையிலும் சாயங்காலமும் ஊர் வரிசை கட்டிப் போய், அவள் வாசலுக்கு முன்னால், சுவரோரம், பக்கத்துப் பொட்டலில், பயபக்தியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு எட்ட நின்று கொட்டியது, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியது. முதலில் படி மறைந்தது, பிறகு துளசிச் செடி மறைந்தது, பிறகு சாம்பல் ஜன்னல் விளிம்புக்கு ஏறியது. பூமயில் ஜன்னலுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்பக்கமாகக் குழாயடிக்குப் போய் வந்தாள். நானும் கொட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் சாம்பல் விழவில்லை. அன்றைக்கு டாக்டர் ஜெபராணி ஜீப்பில் வந்து இறங்கினாள். நாசரேத்துப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், தலையில் தொப்பி, கழுத்தில் விசில். டாக்டர் என்று தெரிந்ததும் கிழவிகள் முழங்காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"நான் மனுஷங்களுக்கு டாக்டர் இல்ல பாட்டி. எரிமலைக்கு."

"அதுக்கு என்னத்தா நோவு?"

"அதைத்தான் பாக்க வந்திருக்கேன்."

பள்ளிக்கூடத்தில் ஒரு அறையைக் கொடுத்தார்கள். ஊரில் வேலையில்லாமல் திரிகிறவன் நான்தான் என்று என்னை வழிகாட்டப் போட்டார்கள். அவள் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கூரை கூரையாக, சுவர் சுவராக, வரப்பு வரப்பாக ஏறி இறங்கி, அங்கே எத்தனை மில்லிமீட்டர், இங்கே எத்தனை மில்லிமீட்டர் என்று நூற்றெழுபது இடத்தில் குத்தி எழுதினாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பை சாம்பல் எடுத்து, அடுக்குச் சல்லடையில் சலித்து, பருமன் எவ்வளவு, பொடி எவ்வளவு என்று நிறுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி கேட்டாள்.

"இங்க விழுந்த சாம்பல் அப்படியே இருக்கா? யாராவது அள்ளினீங்களா, கொட்டினீங்களா? நீங்க சொல்றதை வச்சுத்தான் எல்லாமே."

கையில் நோட்டு. நூற்று இருபத்தொன்பது வீடும் சொன்னது: "பாக்கல." திருநீற்றை அந்த வாசலில் கொட்டினோம் என்று வெளியூர்க்காரியிடம் எப்படிச் சொல்வது? என்னிடமும் கேட்டாள். நானும் சொன்னேன்.

கடைசியில் பூமயில் வீட்டுக்குப் போனாள். நான் தெருவிலேயே நின்றுகொண்டேன். குவியலை மிதிக்காமல் எட்ட நின்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். ஜன்னல் வழியாகவே பதில் வந்தது. தெளிவாகக் காதில் விழுந்தது.

"நான் ஒண்ணும் பாக்கலம்மா."

எனக்கு என்னவோ போல இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கம்ப்யூட்டர். அதை நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன். திரையில் நம் ஊர் வரைபடம் இருக்கிறது. அதில் எங்கோ ஓரிடத்தில் ஒரு பொய் மலையை வைத்து, இத்தனை உயரத்துக்குப் புகை, இத்தனை டன் சாம்பல் என்று அதை வெடிக்க வைத்து, பங்குனி மாதக் காற்றை ஊதவிட்டால், பருமன் கிட்டத்தில் விழும், பொடி தூரத்தில் போய் விழும். விழுந்த கணக்கும் ஸ்கேலில் அளந்த கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மலையைக் கொஞ்சம் நகர்த்தி, உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடியும் வெடிக்க வைக்க வேண்டும். இப்படி நாற்பதாயிரம் தடவை. எங்கே கச்சிதமாக ஒத்துப்போகிறதோ அங்கேதான் மலையின் வாய்.

ஊர் முழுக்கப் பள்ளிக்கூட ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தது. நாற்பதாயிரம் தடவை எங்கள் ஊர் மூடுண்டு நாற்பதாயிரம் தடவை எழுந்தது. பெண்கள் கூழோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏந்தா, எங்க வீட்டு மேல கம்மியாவே விழுதே, கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதா?"

"ஒங்க வீட்டுக்கு விழுந்தது போதும் மதினி, எங்க தொழுவத்தக் காணலையே, அதச் சேக்கச் சொல்லுங்க."

இரண்டாம் நாள் பதினொரு மணிக்குப் பொய் மலை ஓட்டம் நின்றது. புகையின் உயரம் இருபத்தொரு கிலோமீட்டர். வாய் இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி பூமயில் வீட்டு அடுப்படியில் இருந்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. "பன்னெண்டு வருச வயித்தெரிச்சல், லேசா?" என்று ஒருத்தி சொன்னாள், எல்லாரும் தலையாட்டினார்கள். இருபத்தொரு கிலோமீட்டர் எரிச்சலா என்று தலைவர் நாகசுந்தரம் கேட்டார். தனி மனுஷியா இருந்து எரிஞ்சா அவ்வளவு இருக்கும் என்று பூசாரி சொன்னார். அது ஊருக்கு ஒரு விதத்தில் பெருமையாகக்கூட இருந்தது.

ஜெபராணி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். "வாய்க்கிட்ட கல்லு விழணும் ஐயா, கொட்டை கொட்டையா. அந்த வீட்டு வாசல்ல இருக்கிறது மாவு. ஊர்ல எல்லா இடத்திலயும் இருக்கிற அதே மாவு. உயரம் மட்டும் ஜன்னல் உயரம். எங்கயோ இடிக்குது. இது முடிவில்லன்னு எழுதித்தான் அனுப்பியிருக்கேன்."

எழுத்தை யார் படிக்கிறார்கள். மேலே இருக்கிறவர்களுக்குச் சிவப்புப் புள்ளி போதும். மறுநாளே தாள் வந்தது: குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டும், கட்டடத்தை அகற்ற வேண்டும், துளை போட்டுப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொக்லைன் வந்து ஊர் எல்லையில் நின்றது. போக இடம் எங்கே என்று தாளில் இல்லை. புருஷன் செத்து இருபது வருஷம், பிள்ளை கிடையாது, உறவு என்று பார்த்தால் நான்.

சேதுராக்கு சோறு போட்டாள். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லாமத்தான் சோத்தைப் பெசஞ்சுகிட்டே இருக்கீகளா?" எழுந்து கை கழுவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"அந்தச் சாம்பல் அங்க விழல" என்றேன்.

ஜெபராணி நிமிர்ந்தாள்.

"நாங்க கொட்டினது. ஊரே. நான் நாப்பத்தேழு கூடை."

அவள் கத்திய கத்தல் எனக்கு வேண்டியதுதான். ஒரு வாரம், நூற்றெழுபது இடம், நாற்பதாயிரம் ஓட்டம், எல்லாம் வீணா என்றாள். உங்க வயசுக்கு ஒரு பொய்யா என்றாள். வயசுக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அவள் நிதானத்துக்கு வந்தாள்.

"எந்த வீட்டிலிருந்து எத்தனை கூடைன்னு தெரிஞ்சா, அதை அந்தந்த இடத்துக்கே திருப்பி வச்சு மறுபடியும் ஓட்டலாம். குவியலை நான் அளந்துக்கிறேன். கூடைக் கணக்கு அதோட பொருந்தணும். நாளைக்குக் காலைக்குள்ள சொல்வாங்களா?"

விசிலை வாங்கி ஊதினேன். ஊர் கூடியது. "நான் நாப்பத்தேழுன்னு சொல்லிட்டேன், சொல்லாதவன் வீட்டு மேல மலை வந்து நிக்கும், பாத்துக்க" என்றேன். முனகிக்கொண்டே வரிசையில் வந்தார்கள். நான் பத்து. நான் எட்டு. நாங்க சும்மா பேருக்கு மூணு. ஜெபராணி எழுதிக் கூட்டினாள், ஆயிரத்து நானூறு சொச்சம் வந்தது. குவியல் நாலாயிரத்துக்கு மேல் என்றாள். கம்ப்யூட்டரை ஓட்டினாள், பழைய ஓட்டக் கணக்கு உள்ளேயே இருந்ததால் இந்தத் தடவை சீக்கிரம் முடிந்தது. சிவப்புப் புள்ளி பூமயிலின் அடுப்படியிலிருந்து திண்டாடித் திண்டாடிக் கொல்லைப்புறம் வரைக்கும் போய், அங்கேயே நின்றுகொண்டது.

"மிச்சத்தை யார் சொல்வாங்க?" என்றாள்.

எல்லாருக்கும் தெரியும். ஆளாளுக்குக் கிழக்கே பார்த்தார்கள்.

நான் கிழக்கே நடந்தேன். வாசலுக்கு எட்டத்தில் வழக்கமாகச் செருப்பு விடுகிற இடம் வந்தது. விடவில்லை. சாம்பலில் காலை வைத்தேன், முழங்கால் வரை உள்ளே போனது, மாவு மாதிரி வழுக்கியது, ஒரு தடவை விழுந்து எழுந்து, வெள்ளைப் பிசாசாகப் போய் ஜன்னலில் நின்றேன்.

"யாரு?"

"நான்தான். கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சதாலதான இந்தக் கதி."

முடி பாதி நரைத்திருந்தது. அம்மா முகமாக மாறிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"ஊரு சொன்ன கூடைக் கணக்கு பத்தல. டாக்டரம்மாவுக்குச் சரியான கணக்கு வேணும். நீ சொல்லணும்."

"நான் பாக்கல."

"பொய் சொல்லாத."

"பன்னெண்டு வருசமாப் படிச்சேண்ணே. இப்பத்தான் ஒழுங்கா வாயில வருது, கெடுக்காத."

"நாளைக்கு வீட்ட இடிச்சுருவாங்க."

"இடிக்கட்டும். யாரு வந்து போற வீடு?"

நின்றேன். சாம்பல் செருப்புக்குள் புகுந்து அரித்தது. அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருநீற மிதிச்சுக்கிட்டு நிக்கிற."

"மிதிச்சாச்சு."

"சரி, சொல்றேன்னே வச்சுக்க. இதுக்கு எத்தனை வருசம்?"

"தெரியல. எத்தனைன்னாலும் எனக்கும் சேத்துத்தான். கொட்டினேன்னு நான் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"நோட்டு வச்சிருக்காளே, அவகிட்டதான்."

பூமயில் எழுந்து கதவைத் திறக்கப் பார்த்தாள், சாம்பல் வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தது, திறக்கவில்லை. நான் கையால் வாரித் தள்ளினேன், அவள் உள்ளிருந்து தோளைக் கொடுத்தாள், பன்னிரண்டு வருஷத்துக் கதவு ஒரு சாண் திறந்தது, அந்தச் சாணில் அவள் வந்து நின்றாள். அதற்குள் ஜெபராணி நோட்டோடு தெருவில் வந்து நின்றாள், அவள் பின்னால் ஊர்.

பூமயில் ஆரம்பித்தாள். மேலத்தெரு மாடி வீடு முப்பத்தொன்பது கூடை, அதில் மூன்று சாயங்காலம். பூசாரி வீடு அறுபத்தொன்று, கோயில் மேல்தளத்ததும் சேர்த்து. தலைவர் வீடு கூடையே இல்லை, டிராக்டரில் இரண்டு நடை, ஆள் வைத்து. பால்காரன் வீடு இருபத்தாறு, அதில் ஒன்று பாதிக் கூடை, சின்னப் பிள்ளை தூக்கி வந்தது. ஏழாம் நாள் பிரசவமான வீட்டிலிருந்து அன்றைக்கு வரவில்லை, எட்டாம் நாள் இரட்டிப்பாக வந்தது. எவள் தலையில் சும்மாடு இல்லாமல் தூக்கிக் கழுத்துப் பிடித்துக்கொண்டாள், எவன் கொட்டிவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டான், எந்தக் கிழவி கூடையை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்து எதுவும் பேசாமல் போனாள், என்று தெருத் தெருவாக, வீடு வீடாக, நாள் நாளாக, மூன்றாம் நாளிலிருந்து பதினோராம் நாள் வரைக்கும், நூற்று இருபத்தொன்பது வீடு, குரல் ஏறாமல் இறங்காமல், சோறு வேகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள், சொல்லச் சொல்ல ஒவ்வொரு வீட்டுக்காரரும் தலையைக் குனிந்து, "ஆமா" என்றார்கள். ஒருத்தர் ஆமா என்றதும் அடுத்தவருக்கும் அது எளிதாக வந்தது.

கடைசியில் என் வீடு.

"அண்ணன் வீடு நாப்பத்தேழு இல்ல. அம்பத்திரண்டு. நீ போனப்புறம் மதினி அஞ்சு கொண்டாந்துச்சு."

சேதுராக்குவைத் திரும்பிப் பார்த்தேன். "நான்தான் மொதல்ல கெழக்க ஒரு வாசல் இருக்குன்னதும்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"அம்பத்திரண்டு" என்று எழுதச் சொன்னேன்.

கூட்டிப் பார்த்தால் நாலாயிரத்து எண்பது. குவியலோடு பொருந்தியது. சாயங்காலம் கம்ப்யூட்டர் மறுபடியும் மலைகளை வெடிக்க வைத்தது. சிவப்புப் புள்ளி பூமயில் கொல்லையிலிருந்து கிளம்பி, களத்தைத் தாண்டி, கண்மாய்க் கரையைத் தாண்டி, பஸ் ரோட்டைத் தாண்டி, கிழக்கே உப்பளங்களைத் தாண்டிக் கடலில் இறங்கியது; வரைபடம் பத்தவில்லை என்று ஜெபராணி பெரிய வரைபடம் போட்டாள், அதையும் தாண்டியது, இன்னும் பெரியது போட்டாள். நடுக்கடலுக்கு அப்பால் ஓரிடத்தில் போய் நின்றது.

"அங்க மலை இருக்கா?" என்றார் தலைவர்.

"இல்ல. எப்பவோ இருந்திருக்கலாம். இந்த மாசக் காத்தோட ஒத்துப்போகல, ரொம்பப் பழைய காத்து மாதிரி இருக்கு." அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "எப்பவோ வெடிச்சது, இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு. இதை நான் எப்படி எழுதுறது?"

"தபால் லேட்டுன்னு எழுதுங்க" என்றார் பூசாரி.

அவள் என்ன எழுதினாளோ, ராத்திரிக்குள் அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பொக்லைன்காரனுக்குப் போன் வந்தது. திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

எட்டு மணிக்கு ஜெபராணி கிழக்கே போனாள். குவியலை அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்க வேண்டும், அதுவரை ஈ எறும்புகூட மேலே ஏறக் கூடாது என்று முந்தின நாள் இருட்டுவதற்குள் சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தாள். போனவள் போட்ட சத்தத்தில் ஊர் ஓடியது.

கயிறு அறுந்து கிடந்தது. தெருவிலிருந்து பூமயில் வாசல் வரைக்கும் சாம்பலில் ஒரு பாதை, இரண்டு முழ அகலம், சிமென்ட் தரை மாதிரி மிதிபட்டு இறுகிக் கிடந்தது. போன கால் இருந்தது, வந்த கால் இருந்தது. பெரிய பாதம், மெட்டி விரல், பிள்ளைக் கால், ஒரு ஆட்டுக் குளம்பு. கதவு முழுக்கத் திறந்திருந்தது, உள்ளே இரண்டு மூன்று தூக்குச்சட்டிகள் தெரிந்தன, எல்லாம் வேறு வேறு வீட்டுச் சட்டிகள்.

"யார் இதை மிதிச்சது?" என்று ஜெபராணி நோட்டை ஆட்டிக் கத்தினாள். "சொல்லுங்க! யார் மிதிச்சது?"

ஊர் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. அந்தப் பழைய வார்த்தை எல்லார் தொண்டையிலும் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. பூசாரி தன் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

பூமயில் டம்ளரும் கையுமாக வாசலுக்கு வந்து, நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"மொதல்ல மிதிச்சது எங்கண்ணன்" என்றாள். "மத்தவகளையும் சொல்லட்டாண்ணே?"

"சொல்லு" என்றேன்.